சிவப்புப் பொத்தானில் உப்புத்தாள்

அப்துல் ஹமீது அபுதாபியிலிருந்து பேசி அனுப்புகிற கேசட்டில் முதல் இருபது நிமிடம் சலாம்தான். அண்ணனுக்குச் சலாம், அண்ணிக்குச் சலாம், மாமாமாருக்கு, மாமிமாருக்கு, எதிர்வீட்டுக்கு, பள்ளிவாசல் மோதினாருக்கு, போன தடவை விட்டுப்போச்சு என்று கோபித்துக்கொண்ட சின்னம்மாவுக்கு மட்டும் இரண்டு சலாம். எல்லாருக்கும் பங்கு வைத்து முடித்த பிறகு, "ஹபீபுவையும் விசாரிச்சதாச் சொல்லுங்க" என்பான். அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காக ஹபீபுன்னிசா கூடத்துக் கதவோரம் உட்கார்ந்து காத்திருப்பாள். ஐந்து வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனவள். ஹமீதுக்கு மாமன் மகள். இவளை எவன் கட்டுவான் என்று சொந்தக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, "ஏன், நான் கட்டிக்கிறேன்" என்று தானாக வந்து நின்றவன் அவன். அப்படிப்பட்டவனுக்குப் பெண்டாட்டியிடம் பேச விஷயம் இருக்காதா? இருக்கும். பேச இடம்தான் இல்லை. கேசட்டு வந்துவிட்டது என்றால் கூத்தாநல்லூரில் அந்தத் தெருவில் பாதி அவர்கள் கூடத்தில் இருக்கும். பாய் விரித்து, டீ கொடுத்து, சின்னதாக ஒரு கல்யாணமே நடக்கும். அத்தனை பேர் காதில் விழுகிற மாதிரி எந்த ஆம்பளை பெண்டாட்டியைக் கொஞ்சுவான்? காகிதத்தில் எழுதினாலும் யாராவது படித்துத்தான் சொல்ல வேண்டும். அதுவும் கூடத்துச் சொத்துதான்.

போன லீவில் ஹமீது கொண்டுவந்த ஜப்பான் செட்டு, ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருப்பது, கண்ணாடி அலமாரியில் பூவேலைத் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்பக்கம் ஆறு பொத்தான்கள். ஆறும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. பேச்சைப் பதிகிற ஒன்று மட்டும் சிவப்பு என்பார்கள். சிவப்பு என்றால் ஹபீபுவின் விரலுக்கு என்ன தெரியும்? ஆனால் கண்ணுள்ளவர்களும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஹமீதின் அண்ணி ஷம்சாத் ஒருநாள் பாட்டுக் கேட்கிறேன் என்று சிவப்பையும் சேர்த்து அமுக்கி, ஹமீது பேசியிருந்த பேச்சில் கால்வாசியை அழித்து, அதன்மேல் தன் வீட்டு அம்மி அரைக்கிற சத்தத்தை ஏற்றிவைத்துவிட்டாள். அன்றைக்கே அண்ணன் ஜெக்கரியா சட்டம் போட்டுவிட்டார். செட்டை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது.

ஜெக்கரியா கெட்டவர் இல்லை. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தம்பி பெண்டாட்டிக்குச் சோற்றிலும் துணியிலும் ஒரு குறை வைத்ததில்லை. எல்லாருக்கும் எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இப்போது அவருக்கு எது நல்லது என்று பட்டதென்றால், ஹபீபுவின் நிலத்தை விற்பது.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பெரிய பண்ணைக்காரர்கள் பெண்டாட்டி பேரில், பிள்ளை பேரில், கோயில் பேரில் எல்லாம் எழுதிவைத்துத் தப்பினார்கள். ஹபீபுவின் அத்தா அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அவரிடம் இருந்ததே இரண்டு ஏக்கர், ஊர்க் கணக்கில் ஆறு மா. கண் தெரியாத மகளுக்கு ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்று அதை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டு மௌத்தானார். அதில் குத்தகைக்கு உழுகிறவன் மருதையன். அவன் பேர் குத்தகைப் பதிவேட்டில் ஏறியிருந்தது, லேசில் கிளப்ப முடியாது. "குத்தகைக்காரன் பேரு ஏறின நெலம் நமக்கு எதுக்கு? கொடியப் புடிச்சிக்கிட்டு நிப்பானுவ" என்று ஜெக்கரியா சொல்லிக்கொண்டே இருந்தார். கூலிச் சண்டையும் அறுப்புச் சண்டையும் பார்த்த வட்டாரம் அது. அவர் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஒரு பெரிய பண்ணைக்காரர் வாங்கத் தயாராக இருந்தார். மருதையனை எப்படிக் கிளப்புவது என்பதை அவர் பார்த்துக்கொள்வாராம். கைக்கு வருவதை வைத்துப் பக்கத்துக் கடையையும் வாங்கிப்போட்டால், ஹமீது திரும்பி வந்து கௌரவமாக உட்காரலாம் என்பது ஜெக்கரியாவின் கணக்கு.

சித்திரையில் அவர் பேசி அனுப்பிய கேசட்டில் இதையெல்லாம் விளக்கிவிட்டு, "ஹபீபுவும் சரின்னுதான் சொல்றா. என்ன ஹபீபு, சரிதானே?" என்று செட்டை அவள் பக்கம் நகர்த்தினார். கூடம் நிறைய ஆட்கள். அத்தனை பேர் மூச்சும் அவளுக்குக் கேட்டது. "சரிங்க மச்சான்" என்றாள்.

ஆனியில் ஹமீதின் பதில் வந்தது. "ஹபீபுவுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்தான். அண்ணன் பாத்துச் செய்யுங்க." கூடத்துக்குப் பயந்து அவள் சரி சொன்னாள். அவள் சரி சொன்னதைக் கேட்டு அவன் சரி சொன்னான். இப்படி இரண்டு பேருக்கும் இஷ்டமில்லாத ஒரு காரியம் இரண்டு பேர் சம்மதத்தோடும் முடிவாகிவிட்டது. ஆடி கடைசி வியாழக்கிழமை பத்திரம் என்று நாளும் குறித்தாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மருதையன் பெண்டாட்டி காளியம்மாள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். வருஷா வருஷம் விதைக்கு முன்னால் அவள் வருவது வழக்கம். வந்து, இரண்டு கை விதைநெல்லைக் கொட்டி, ஹபீபுவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, எதைப் போடலாம் என்று கேட்பாள். இந்தத் தடவை அவள் கையில் நெல் இல்லை.

"என்ன வெதைக்கலாம்னு கேக்க வேண்டியவ, வெதைக்கலாமான்னு கேக்க வந்திருக்கேம்மா. நேத்து அந்தப் பண்ணைக்காரரு நாலு ஆளோட வந்து வரப்புல நடந்து பாத்துட்டுப் போனாங்க. ஆவணிக்குள்ள வெளில போயிடணுமாம். இல்லன்னா அள்ளி வீசிடுவாங்களாம்."

 விற்றால் காசு வரும், கடை வரும் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அள்ளி வீசுகிற கதையை யாரும் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறு காளியம்மா. நான் அபுதாபி மச்சான்கிட்ட பேசணும்" என்றாள். எப்படிப் பேசுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

வழியைச் செட்டே காட்டியது. உள்ளே இருக்கிற பெல்ட்டு தளர்ந்து, ஹமீதின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கிழவர் பேசுகிற மாதிரி இழுக்க ஆரம்பித்தது. மன்னார்குடியில் ரேடியோ கடை வைத்திருந்த ரெத்தினத்துக்கு ஜெக்கரியா ஆள் அனுப்பினார். ரெத்தினம் யார் என்றால் மருதையனின் தம்பி. அண்ணன் சேற்றில் இறங்கி இவனை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினான். இந்தப் பக்கத்தில் டேப்பு செட்டைத் திறந்தால் மறுபடி மூடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

அவன் கூடத்தில் உட்கார்ந்து செட்டைப் பிரித்தான். ஷம்சாத் டீ போடப் போனாள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கமிருந்து ஹபீபு மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, இதுல எது எதுன்னு தடவிப் பாத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமா?"

ஐயோ பாவம் என்றெல்லாம் ரெத்தினம் சொல்லவில்லை. கொஞ்சம் முன்கோபக்காரன், ஆனால் அவன் கோபம் முழுக்க சாமான் செய்கிறவர்கள் மேல்தான். "இத்தன பேரு படிச்சிட்டு உக்காந்து செய்யிறானுவம்மா, ஆறு பொத்தானுக்கு ஆறு விதம் வைக்கணும்னு ஒருத்தனுக்குத் தோணல பாருங்க. பண்ணித்தாரேன்" என்று சொல்லி, பசையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் பொத்தானுக்குப் பொத்தான் புள்ளி வைத்தான். காய்ந்த பிறகு திரைச்சீலைக்கு அடியில் செட்டைத் தள்ளினான்.

ஹபீபு தடவிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ஆறையும் எண்ணிக்கிட்டிருந்தா நாலும் அஞ்சும் கொழம்பிடும். எனக்கு ரெண்டு அடையாளம் போதும். பேச வைக்கிறது ஒண்ணு, அழிக்கிறது ஒண்ணு. அதுங்களுக்கு எந்தப் பக்கத்துல இருக்குன்னு வச்சு மத்த நாலையும் நானே கண்டுக்குவேன். ஆனா அந்த ரெண்டும் ஒண்ணுமாதிரி ஒண்ணு இருக்கக் கூடாது."

ரெத்தினம் தானும் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களைத் தடவிப் பார்த்தான். பிறகு, "இது எனக்குத் தோணலையே!" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டு எல்லாப் புள்ளியையும் சுரண்டி எடுத்தான். சமையலறையிலிருந்து ஒரு கடுகை வாங்கிப் பேசுகிற பொத்தானில் ஒட்டினான். சிவப்புப் பொத்தானில், மரம் தேய்க்கிற உப்புத்தாளில் ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒட்டினான். தொட்டால் விரலைச் சொரசொரவென்று எச்சரிக்கும். பதிய வேண்டுமென்றால் கடுகும் உப்புத்தாளும் சேர்ந்து இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். புதுக் கேசட்டு ஒன்றையும் கொடுத்து, மற்றதோடு கலந்துவிடாமலிருக்க அதன் ஒரு பக்கத்தில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் கொஞ்சம் ஒட்டினான். நிலத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேசினால் செய்த வேலை அசிங்கமாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஜெக்கரியா வந்து பார்த்துச் சிரித்தார். "என்ன இது கடுகு? ரேடியோவத் தாளிக்கப் போறீங்களா?" ஆனால் ஹபீபு அவர் முன்னாலேயே பாங்கு நேரம் தவறாத மாதிரி பிசகாமல் பாட்டை வைத்து, நிறுத்தி, திரும்ப ஓட்டிக் காட்டினதும், "சரி, பாட்டுக் கேட்டுக்க. பேசி அனுப்புறத மட்டும் நான் பாத்துக்கறேன்" என்று அரைமனதாக விட்டார்.

பத்திரத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மத்தியானம் ஷம்சாத் ஒரு வீட்டில் மௌலூது ஓதுவதைக் கேட்கப் போனாள். ஜெக்கரியா கடையில் இருந்தார். ஹபீபு அலமாரியைத் திறந்து, பிளாஸ்திரிக் கேசட்டைப் போட்டு, கடுகையும் உப்புத்தாளையும் சேர்த்து அமுக்கினாள். ஒன்பது வருஷத்தில் புருஷனோடு தூரத்திலிருந்து தனியாகப் பேசுவது அதுதான் முதல் தடவை. முதலில் சலாம் சொல்லி, தன் பேரைச் சொன்னாள். பிறகு மடை திறந்துவிட்டது. நிலத்தை விற்கச் சம்மதமில்லை என்பது அதில் ஒரு பங்கு. மற்றது புருஷன் பெண்டாட்டி சங்கதி. முடித்துவிட்டுக் கேசட்டை அலமாரியின் மூலையில், துணிக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அதே தெருவைச் சேர்ந்த கலந்தர் லீவு முடிந்து அபுதாபிக்குக் கிளம்புகிறான். சனிக்கிழமை காளியம்மாள் மூலம் அவன் வீட்டில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது, கேட்டதும் ஹமீது தந்தி அடித்துப் பத்திரத்தை நிறுத்திவிடுவான். வியாழக்கிழமை கூடம் கூடி வழக்கம்போல இன்னொரு கேசட்டில் எல்லாரும் பேசினார்கள். அவள் கதவோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஷம்சாத் வீட்டைக் கழுவித் துடைத்தாள். அவளுக்குச் சுத்தம் என்றால் உயிர். அலமாரியைத் தட்டும்போது ஒரு கேசட்டில் அழுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்து, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, மற்ற கேசட்டுகளோடு அடுக்கிவைத்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்க் குளித்தாள்.

அனுப்புவதற்கு முன் பேச்சு சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருதடவை போட்டுக் கேட்பது அந்த வீட்டு வழக்கம். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். நேற்றுப் பேசினதுதான் என்று நினைத்து ஜெக்கரியா அடுக்கிலிருந்து மேலாக இருந்த கேசட்டை எடுத்துப் போட்டார்.

"மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான் ஹபீபு. பயந்துடாதீங்க, யாருக்கும் ஒண்ணுமில்ல. வீட்டுல இப்ப யாரும் இல்ல, அதான் பேசுறேன். மத்த யாருக்கும் சலாம் சொல்லப் போறதில்ல. இது உங்களுக்கு மட்டும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதவோரத்தில் ஹபீபுவுக்கு ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. எழுந்து ஓடவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"நிலத்த விக்க எனக்குச் சம்மதம் இல்ல மச்சான். சரின்னு சொன்னது நான்தான். அத்தன பேரு உக்காந்திருக்கையில சரிதானேன்னு கேட்டா வேற என்ன சொல்றது? பெரிய மச்சானத் தப்பா நெனைக்காதீங்க. எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. சோறு போடுறாங்க, துணி எடுக்குறாங்க. ஆனா எங்கிட்ட யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. காளியம்மா ஒருத்திதான் வந்து பொன்னி போடலாமா, ஐ.ஆர். இருவது போடலாமான்னு கேக்குறா. நான் சொல்றதத்தான் வெதைக்கிறாங்க. நான் சொல்லி ஆறு மா மொளைக்குது மச்சான். அத வித்துட்டா எங்கிட்ட எவ வந்து என்னத்தக் கேப்பா? மருதையன் குடும்பத்த ஆள வச்சு அள்ளி வீசுவாங்களாம். என் பேருல உள்ள எடத்துல அது நடக்க வேணாம்..."

டக்கென்று ஜெக்கரியா நிறுத்தினார்.

"யாரு சொல்லிக் குடுத்த பேச்சு இது? மருதையன் தம்பி செட்ட ரிப்பேர் பண்ண வந்தானா, உன்ன ரிப்பேர் பண்ண வந்தானா?"

ஹபீபுவுக்கு இத்தனை நேரம் இருந்த வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அவரு பொத்தானுக்குத்தான் அடையாளம் வச்சாரு மச்சான். என் வாய்க்கு வைக்கல" என்றாள்.

"அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாமே! நான் என்ன புலியா, கடிச்சா தின்னுடுவேன்?"

"நீங்க கேக்கலையே மச்சான். சரிதானேன்னுதான் கேட்டீங்க."

 ஜெக்கரியாவுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். கடையில் நாலு ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்க்கிறவர், தன் வீட்டுக் கூடத்தில் தம்பி பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்டார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இது அவன் கைக்குப் போனா என்ன நெனைப்பான்? இத அழிச்சிட்டு நல்லதா நாலு வார்த்த பேசு. மத்தத நம்ம வீட்டுக்குள்ள பேசிக்கலாம்."

ஹபீபு எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். செட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, விரலை வைத்தாள். உப்புத்தாள் சொரசொரத்தது. இதையும் சேர்த்து அமுக்கினால் போதும், பேசினதெல்லாம் இல்லாததாகிவிடும். வீட்டில் மறுபடி எல்லாம் பழையபடி ஆகும். யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. அவளுக்கு அது தெரியாமலில்லை, ஒரு நொடி கை அங்கேயே நின்றது. பிறகு விரலை நகர்த்தி, கடுகை மட்டும் அமுக்கினாள்.

"...நிலத்துப் பேச்சு முடிஞ்சிது. இனிமே பேசப் போறது வேற. மச்சான், போன லீவுல கெளம்புற அன்னிக்கு என் உள்ளங்கையில விரலால என்னமோ எழுதுனீங்க. எனக்கு எழுத்துத் தெரியாதுங்கறத மறந்துட்டீங்க. ஒன்றர வருசமா அது என்னவா இருக்கும்னு நானும் யோசிச்சுப் பாக்குறேன். யாருகிட்டப் போயிக் கேக்குறது? ராத்திரி படுத்தா அந்தக் கைய..."

"எந்திரிங்க!" ஷம்சாத் போட்ட சத்தத்தில் டீ கிளாஸ் ஒன்று உருண்டது. "எந்திரிங்க எல்லாரும். புருஷன் பொண்டாட்டி கடுதாசிய வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்குறீங்களே, வெக்கமா இல்ல? ஏங்க, உங்களுக்குத் தனியாச் சொல்லணுமா?"

மாமாமார் எழுந்தார்கள். மாமிமார், கேட்கவும் ஆசை, போகவும் வேண்டுமே என்று தயங்கித் தயங்கி எழுந்தார்கள். ஜெக்கரியா கடைசியாகப் போனார். பேச்சு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, ஷம்சாத் ஹபீபுவின் பக்கத்தில் குனிந்தாள்.

"நான்தாண்டி அந்தப் பிளாஸ்திரியச் சுரண்டுனவ. அழுக்குன்னு நெனச்சேன். என்னப் போயி..."

"இருக்கட்டும் லாத்தா. நல்லதுதான் பண்ணுனீங்க" என்றாள் ஹபீபு. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதாள்.

இரண்டு நாள் ஜெக்கரியா அவளோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கலந்தர் வந்தபோது இரண்டு கேசட்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பத்திரத்துக்கு நாள் பார்த்த தரகரிடம், "அந்த நெலம் விக்கிறதுக்கில்ல. உரிமைக்காரிக்கு இஷ்டமில்ல" என்று சொல்லியனுப்பினார். அதற்காக அவர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கடை வேறொருவர் கைக்குப் போன அன்று, "ஆறு மாவ வச்சுக்கிட்டு அரமண கட்டப் போறா" என்று சோற்றுத் தட்டிடம் முணுமுணுத்தார். காளியம்மாள் வந்து இரண்டு கை நெல்லைக் கொட்டினாள். பொன்னி போடச் சொன்னாள் ஹபீபு. புருஷன் என்ன சொல்வானோ என்ற பயம் மட்டும் அவளுக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒரு பேச்சு, தனியே ஒரு பேச்சு என்று அவனும் கோபித்துக்கொண்டால்?

புரட்டாசியில் லீவில் வந்த ஒருவர் பொட்டலம் கொண்டுவந்தார். செய்தி தெரிந்து தெருவில் பாதி வழக்கம்போலப் படியேறிவிட்டது. ஜெக்கரியா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு கேசட்டு. ஒன்றைக் கூடத்தில் வைத்தார். இன்னொன்றின் உறையில் எழுதியிருந்ததைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"இருங்க. சலாமெல்லாம் அப்பறம் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு, செட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஹபீபுவின் அறையில் பெட்டிமேல் வைத்தார். கேசட்டை அவள் கையில் கொடுத்தார்.

"ஒம் பேரு போட்டிருக்கு" என்றார். கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

 ஹபீபு கேசட்டை இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவது தடவை சரியாகப் போட்டாள். அமுக்கினாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"ஹபீபு" என்றான் ஹமீது. "கதவச் சாத்திட்டியா?"

அவள் செட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.